பங்களாவில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் அரசாங்க பங்களா ஒன்று இருந்தது. பங்களா என்று பெயர்தான். இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், பின்பக்கம் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை. அந்த ஒற்றை அறை எனக்கும் என் மனைவிக்கும். வாட்ச்மேன் என்று வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் சமைப்பது, கூட்டுவது, கொசுவலை கட்டுவது, வருகிற ஆபீசர்களின் பெட்டியைத் தூக்குவது எல்லாம் நான்தான். எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த வாட்ச்மேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மகளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். எப்படியோ தெரிந்து சுகாதார ஆபீஸ் ஜீப் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அந்த ஒற்றை அறையிலிருந்த பாய், தலையணை, துணி, ஒரு மரப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே போட்டு எரித்தார்கள். பிள்ளை பிழைத்து வந்துவிட்டது. ஆனால் அவருக்கு அந்த வேலை இல்லாமல் போனது. அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. எரித்த இடத்தில் ரொம்ப நாளைக்குப் புல் முளைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பல் விளக்குவோம்.

எழுபதுகளில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம். சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் அடி தெரிந்துவிட்டது. ரிக் லாரிக்காரர்கள் எங்கே பார்த்தாலும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள், பகல் முழுக்க அந்தச் சத்தம்தான். பங்களாக் கிணறு மட்டும் வற்றவில்லை. பின்னால் தறிக்காரர்கள் தெரு ஒன்று உண்டு, அந்தப் பெண்கள் எல்லாம் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வர ஆரம்பித்தார்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உத்தரவு இருந்தது. சொல்லவில்லை. தண்ணீர் இல்லாதவரிடம் எப்படிச் சொல்வது.

அப்போதுதான் பேதி வந்தது. எங்கள் பக்கம் வாந்தி பேதி என்று முழுசாகக்கூடச் சொல்லமாட்டார்கள், சொன்னால் வந்துவிடும் என்று. “அந்த ஊர்ல சீக்கு” என்பார்கள், அவ்வளவுதான். எந்தச் சீக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மூன்று பெரியவர்கள் வந்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு ஜீப்பில். நோய் பரவுகிறபோது ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், அரசாங்கம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதுவதற்காக. ஒருவர் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை, அவர்தான் தலைவர். ஆபீசர் என்றே சொல்கிறேன். இன்னொருவர் காலேஜில் பாடம் சொல்லிக் கொடுப்பவர், கண்ணாடி போட்டவர், எந்நேரமும் கையில் நோட்டு. மூன்றாவது ஆள் டாக்டர், கறுத்து ஒல்லியாக, ரொம்பக் களைத்த மனிதர். வங்காளத்தில் அகதிகள் முகாமில் வேலை செய்தவர் என்று டிரைவர் சொன்னார். டாக்டர் வந்தவுடன் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சமையல்கட்டுக்குள் வந்து தண்ணீர் அண்டாவைத் திறந்து பார்த்தார்.

“கொதிக்க வச்சியா?”

“வச்சனுங்க.”

“சட்னி வேண்டாம். பச்சையா எதுவும் வேண்டாம். எல்லாம் கொதிச்சுதான் வரணும். கைய நீட்டு.”

நீட்டினேன். நகத்தைப் பார்த்தார். அவர் பெட்டியிலிருந்து ஒரு சோப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு அந்தக் கையிலேயே தடுப்பூசியும் போட்டுவிட்டார்.

“வீட்ல வேற யாரு இருக்கா? வரச்சொல்லு.”

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். என் மனைவி அந்த நேரம் பின்னால் உட்கார்ந்து மறுநாள் காலைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊசி போட்டால் இரண்டு நாளைக்குக் கையைத் தூக்க முடியாது, காய்ச்சல் வேறு. மூன்று பேருக்கும் டிரைவருக்கும் மூன்று நாள் இட்லிக்கு ஆட்ட வேண்டும். அவள் கை இல்லாமல் என்னால் முடியாது. எருமப்பட்டியிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார், ஆனால் ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவரை மாவாட்டச் சொல்ல முடியுமா. இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

“ஊட்ல ஆருமில்லீங்க. ஊருக்குப் போயிருக்கறாங்க.”

டாக்டர் சரி என்று ஊசியைத் துடைத்து வைத்தார். ஆட்டுக்கல் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அது என்ன சத்தம் என்று தெரியவில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். நான் தோசைக்கல்லுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன், பாதிதான் காதில் விழும். டாக்டர் சொன்னார், இந்த நோய் கிழக்கே இந்தோனேஷியாப் பக்கம் ஒரு தீவில் கிளம்பியது, கப்பலேறி, ரயிலேறி, நடந்து, இப்போது ஆப்பிரிக்கா வரைக்கும் போய்விட்டது, உலகம் முழுக்க ஒரே நோய் என்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அதை எங்கள் பக்கத்துச் சீக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

காலேஜ்காரர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “ஜனங்க நோய்க்குப் பயந்து மறைக்கல சார். ஜீப்புக்குப் பயந்து மறைக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் நாம பிடிச்சுட்டுப் போகத்தானே வந்திருக்கோம்?”

ஆபீசர் சிரித்தார். “மறைக்கிறது ஜனங்க மட்டும்தானா? நான் ஜில்லாவில இருந்தப்போ எத்தனை பைல்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். காலரான்னு எழுதினா சந்தைய மூடணும், திருவிழாவ நிறுத்தணும், மந்திரி போன் பண்ணுவார், பேப்பர்ல வரும். வயித்துப்போக்குன்னு எழுதினா ஒண்ணும் மூட வேண்டாம். ஒரே வியாதிதான். பேருதான் வேற.”

“அப்படி எழுதினதுனால செத்தவங்க?” என்றார் டாக்டர்.

“அவங்களும் வயித்துப்போக்குலதான் செத்தாங்க” என்றார் ஆபீசர். சிரிக்காமல் சொன்னார். பிறகு இன்னொரு தோசை கேட்டார்.

மறுநாள் விடிகிற நேரம் என் மனைவிக்கு ஆரம்பித்தது. முதலில் வயிற்றைக் கலக்குகிறது என்றாள், இரண்டு தரம் வெளியே போனாள். மூன்றாவது தரம் நடக்க முடியவில்லை, வாந்தியும் சேர்ந்துகொண்டது. போவதெல்லாம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. அவளுடைய அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

“மாப்ளே, அந்த டாக்டருகிட்டச் சொல்லீருங்க” என்றார் அக்கா.

“ஊட்ல ஆருமில்லைன்னு நேத்துதான் சொன்னேன்.”

“சொன்னா என்ன? இருக்கறான்னு இன்னைக்குச் சொல்லுங்க.”

“ஜீப் வருமக்கா. ஆஸ்பத்திரிக் கொட்டாய்ல போட்டுருவாங்க. இங்க எல்லாத்தையும் எரிச்சுப்போடுவாங்க. அப்பறம் நானும் இங்க இருக்க முடியாது.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சீக்குக்காரர்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்குள் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று பேச்சு. வந்தவர்களும் இருந்திருப்பார்கள். வந்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்.

படுத்திருந்தவள் தண்ணீர் கேட்டாள். நான் சொம்பை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேதியாறவளுக்குத் தண்ணியக் குடுக்காதீங்க. குடுக்கக் குடுக்கப் போயிட்டே இருக்கும். வயிறு காயோணும்.”

எனக்கும் அப்படித்தான் தெரியும். எங்கள் அம்மா, அவருடைய அம்மா, எல்லோருக்கும் அதுதான் தெரியும். துணியை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றினோம். நான் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பிறகு டாக்டர் கொடுத்த சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு இட்லி ஊற்றப் போனேன். அவள் நேற்று ஆட்டிய மாவு. நன்றாகப் பொங்கியிருந்தது. ஆபீசர் ஏழு சாப்பிட்டார்.

அந்த நாளைப் பற்றி நினைத்தால் இப்போதும் உடம்பு சலிக்கிறது. காலையில் அவர்கள் ஜீப்பில் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். இடையில் அடுப்புக்கும் ஒற்றை அறைக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் கழுவினேன். சோப்பு பாதியாகிவிட்டது. அறைக்குள் போகும்போதெல்லாம் அவள் கொஞ்சம் சின்னதாகியிருந்தாள். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கி, ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி. குரலும் போய்விட்டது. தண்ணீர் என்று சொல்வது உதட்டில்தான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் அன்று போன ஊரைப் பற்றிச் சொன்னார். ஒரு வீட்டில் ஒரு வாலிபன் செத்துக் கிடந்தான், பக்கத்திலேயே ஒரு பானை நிறையத் தண்ணீர் இருந்தது என்று.

“தண்ணி குடுக்கல. குடுத்தா இன்னும் போகுமாம். இந்த நோய்ல யாரும் கிருமியால சாகறதில்ல. தண்ணி இல்லாமத்தான் சாகறாங்க. உள்ள இருந்து போற தண்ணிய வாய் வழியா ஊத்திட்டே இருந்தா முக்காவாசிப் பேரு பொழைச்சுக்குவாங்க. முகாம்ல நாங்க பார்த்தோம். ஊசி இல்ல, பாட்டில் இல்ல. ஒரு சொம்பு காய்ச்சின தண்ணி, அதுல...”

“ஆனா ஏன் குடுக்கலங்கறதுதானே கேள்வி” என்றார் காலேஜ்காரர். “அதை அறியாமைன்னு சொல்லிட்டு நாம தப்பிச்சுக்கறோம். அவங்க கிட்ட ஒரு தர்க்கம் இருக்கு சார். ஓட்டையான வாய்க்கால்ல தண்ணி விடமாட்டான் விவசாயி.”

நான் சாம்பார் வாளியோடு நின்றேன். ஒரு சொம்பு தண்ணீர், அதில் என்ன?

“தர்க்கமெல்லாம் சரி” என்றார் ஆபீசர். “இதைச் சொல்லிக் குடுக்க ஊருக்கு ஒரு ஆள் போட்டா போதும். போடமாட்டாங்க. ஊசி போட்டா கணக்குக் காட்டலாம். இத்தனை பேருக்குப் போட்டோம்னு போர்டுல எழுதலாம். சொம்புத் தண்ணிய எந்தப் போர்டுல எழுதறது?”

“அதான் சொல்றேன், அரசியல்ங்கறதே...” என்று காலேஜ்காரர் ஆரம்பித்தார்.

அரசியலைப் பற்றிக் கொஞ்ச நேரம் போனது. அதிகாரம், நம்பிக்கை, வெள்ளைக்காரன் காலம் என்று என்னென்னவோ. எல்லாம் நல்ல பேச்சுதான். காலேஜ்காரர் நல்ல மனிதர், ஏழைகள் பக்கம் நின்றுதான் பேசினார். ஆனால் அவர் வாயை மூடினால் போதும் என்று எனக்கு இருந்தது. டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்ப்பு வந்தால் சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்ப்பா, ரசம் வருமா வராதா?” என்றார் ஆபீசர்.

ரசம் எடுத்துவர ஓடினேன். திரும்பி வருவதற்குள் டாக்டர் பாதி சொல்லிவிட்டார்.

“...மூணு விரல்ல அள்ளற அளவு உப்பு. அவ்வளவுதான். இதுக்குப் போய் உலகம் பூரா மாநாடு.”

உப்பு. உப்பு மட்டும் பிடிபட்டது. அதற்கு முன்னால் வேறு எதுவும் சொன்னாரா என்று தெரியவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டுப் பின்னால் போனேன். காய்ச்சிய தண்ணீர் ஒரு சொம்பு, மூன்று விரலில் உப்பு.

அக்கா தடுத்தார். “வேண்டாம் மாப்ளே. வேண்டாஞ் சாமி. கொன்னுபோடுவீங்க.”

“டாக்டரு சொன்னாருங்கக்கா.”

“அவரு ஆரப் பாத்துச் சொன்னாரு? இவளப் பாத்தா சொன்னாரு?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கி ஊற்றினேன். மடக் மடக்கென்று பாதிச் சொம்பு குடித்தாள். குடித்த அடுத்த நிமிஷம் அவ்வளவும் என் மேலேயே வாந்தியாக வந்தது. அக்கா துணியை எடுத்து என் மார்பைத் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா சொன்னதுதான் சரி என்று தோன்றியது. பெரியவர்கள் பேசுவதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு இவளைக் கொல்லப் பார்த்தேனே என்று தோன்றியது. அதற்குப் பிறகு நாலு மணி வரைக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. அந்த மூன்று மணி நேரம்தான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பாவம் என்று நினைக்கிறேன். வேறு பாவங்கள் தெரிந்தே செய்தவை.

நாலு மணிக்கு டாக்டர் மட்டும் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் உள்ளே படுத்திருந்தார்கள். டீ கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு நகரவில்லை.

“என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. எருமப்பட்டில எங்க ஒறம்பரை ஒருத்தங்களுக்குச் சீக்குன்னு சேதி வந்துச்சுங்க. உப்புத் தண்ணி குடுத்தாங்களாமா. எல்லாத்தையும் வாந்தி எடுத்துப்போட்டாங்களாமா.”

“சக்கரை போட்டாங்களா?”

“சக்கரைங்களா?”

“ஒரு கைப்பிடி சக்கரை. சக்கரை இல்லாம உப்பு மட்டும் போட்டா உடம்பு எடுத்துக்காது. மடமடன்னு குடிச்சாலும் வரும். பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுக்கணும். திரும்ப வாந்தி எடுத்தா திரும்பக் குடுக்கணும். நிறுத்தக் கூடாது. ஆனா நிறுத்தியிருப்பாங்க.”

“நிறுத்திட்டாங்க” என்றேன்.

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். என் சட்டையைப் பார்த்தார், காலையில் போட்டிருந்த சட்டை இல்லை அது. என் கையைப் பார்த்தார். சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெளுத்திருந்தது.

“சேதி எப்ப வந்தது?”

“இப்பத்தானுங்க.”

“எப்படி? யாரும் வரலையே. நான் ரெண்டு மணியிலிருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

“சக்கரை டப்பாவ எடுத்துட்டு வா.”

ஒற்றை அறைக்குள் குனிந்து நுழைந்தார். அவள் கையின் பின்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். விட்டபிறகும் அது அப்படியே நின்றது, துணியைக் கிள்ளினது மாதிரி. நாடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். நாடி இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு இருந்தது.

“இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு. பாட்டில் ஏத்தறதுன்னா சேலம் போகணும். அவ்வளவு தூரம் தாங்காது.”

கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். அவரே கலக்கினார். கலக்கியதை ஒரு சொட்டு தன் நாக்கில் விட்டுப் பார்த்தார். கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்றார். ஸ்பூனால் ஒவ்வொன்றாக ஊற்ற ஆரம்பித்தார். என் மனைவியின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க டாக்டரே, ஓட்டப் பானைல ஊத்தறதாட்டம் ஊத்தறீங்களே.”

“ஆமாம்மா. ஓட்டப் பானைதான். ஒழுகறதவிடக் கொஞ்சம் வேகமா ஊத்தினா அடியில நிக்கும்ல?”

“நிக்குமுங்களா?”

“நின்னு பாத்திருக்கேன்.”

அக்கா ஸ்பூனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நகருங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, மூக்குல ஊத்தீருவீங்க.”

ஒரு தரம் வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் விட்டு மறுபடி. அப்புறம் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார், “உள்ள இருக்கற ரெண்டு பேரும் உன் கையால சாப்பிட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியணும். நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும்.”

“வேலை போயிருமுங்க சாமி.”

“போகலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். தைரியம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

பொழுது சாய்ந்து இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள். நான் கதவோரம் நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. காலேஜ்காரர் முகம் வெளுத்துப்போனது. எழுந்து கிணற்றடிக்குப் போய் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தார், வரவில்லை. சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டார், பழத்தையும் கழுவித்தான் உரித்தார். ஆனால் ஊரைவிட்டு ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டோடு வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, ஒற்றை அறையிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

“ஏம்ப்பா மறைச்ச?”

“பயமுங்க.”

“யாருக்குப் பயம்?”

“உங்களுக்குத்தானுங்க.”

எழுதுவதற்குப் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார்.

ஆபீசர்தான் யோசனையில் இருந்தார். டாக்டரும் அவரும் கூடத்தில் பேசிக்கொண்டார்கள், இந்தத் தரம் அரசியலும் இல்லை சமூகமும் இல்லை.

“சட்டப்படி நாம தெரிவிக்கணும் சார்” என்றார் டாக்டர்.

“தெரிவிச்சா பங்களாவ மூடுவாங்க. இவனை அனுப்பிடுவாங்க. அந்தப் பொண்ண இப்பத் தூக்கி ஜீப்புல போட்டா என்ன ஆகும்?”

“வழியிலயே போயிடும்.”

“அப்புறம் என்ன?” என்றார் ஆபீசர். என்னைப் பார்த்தார். “நீ சொல்லுப்பா. எழுதட்டுமா?”

“எழுதாதீங்க சாமி” என்றேன். கும்பிட்டேன்.

அவர் எழுதவில்லை. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீப்பிலிருந்து பிளீச்சிங் பவுடர் எடுத்து மறுநாள் காலை டாக்டரும் நானும் கிணற்றில் கரைத்து ஊற்றினோம். தறிக்காரத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

“என்னுங்க ஊத்தறீங்க? ஆருக்காச்சும் சீக்குங்களா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இல்லீங்க. சும்மா கெணறு சுத்தம் பண்றோம்” என்றேன்.

நாற்றம் தாங்கவில்லை என்று அவர்கள் அந்தப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். அதில் யாரும் எதையும் ஊற்றவில்லை. அடுத்த வாரம் அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் சீக்கு. ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா போய்விட்டார். எங்கள் கிணற்றிலிருந்து போனதா, தோட்டத்துக் கிணற்றிலிருந்து வந்ததா, ஒரு இழவும் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு குடித்திருப்பார்களோ என்று எத்தனையோ வருஷம் யோசித்தாகிவிட்டது. இப்போது யோசிப்பதில்லை. யோசித்தால் தூக்கம் கெடுவதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது நாள் மத்தியானம் அவர்கள் கிளம்பினார்கள். அதற்குள் அவளுக்கு நின்றுவிட்டது. சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். கண் கொஞ்சம் வெளியே வந்திருந்தது, குரலும் வந்திருந்தது. டாக்டர் சொல்லிக்கொள்ள வந்தார்.

“பயப்படாதம்மா. ரிப்போர்ட்ல உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. இங்க யாருக்கும் எதுவும் வரலைன்னுதான் இருக்கும்.”

நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நான் செத்திருந்தா?”

“என்னம்மா?”

“செத்திருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க?”

முன்பக்கம் ஆபீசர் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார் போலிருக்கிறது, இரண்டு தரம் அடித்தது. டாக்டர் அந்த அண்டாவின் மேல் மறுபடியும் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அவள் கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இந்தத் தரம் அது உடனே படிந்தது. குனிந்து வெளியே போனார்.

ஜீப் போன பிறகு நான் பெருமையாக, “வேலை தப்பிச்சுது” என்றேன்.

“நீதான எழுத வேண்டாம்னு சொன்ன?” என்றாள். வழக்கமாக என்னை நீ என்று சொல்லமாட்டாள்.

“ஆமா. உன்னக் கொட்டாய்க்குக் கொண்டுபோயிருவாங்கன்னுதான்.”

“நேத்து சாயங்காலமா சொன்ன? அப்ப எனக்கு நின்னிருந்துச்சா?”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபீசர் கேட்டபோது அவளுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. பிழைப்பாளா என்று டாக்டருக்கே தெரியாத நேரம், செத்திருந்தால் அந்தச் சாவும் எந்த ரிப்போர்ட்டிலும் வந்திருக்காது. அப்போது நான் கும்பிட்டது அவளுக்காகவா, இந்த வேலைக்காகவா, இந்த ஒற்றை அறைக்காகவா. எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

“இல்ல” என்றேன். “நிக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். கோபம் என்றும் சொல்ல முடியாது. அவளுடைய அக்கா ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பி, “இரு, நானும் வாரேன். பத்து நாள் அங்க இருந்துட்டு வாரேன்” என்றாள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ரோடு வரைக்கும் போனாள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நாமக்கல் பஸ் வந்தது. ஏறும்போது என் கையைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாள் என்றவள் வர நாற்பது நாள் ஆனது. வந்த அன்றைக்கு வீட்டைக் கூட்டினாள், பாயைத் தட்டிப் போட்டாள், மாவுக்கு ஊறப்போட்டேனா இல்லையா என்று என்னைக் கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவில்லை.